ஏழில் நின்ற முள்

முதலில் கெடுத்தது அரியநாயகம். அதில் பலவேசத்துக்கு இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடச் சந்தேகம் வந்ததில்லை. அவனுக்குப் பின்னால் கெடுத்தவர்கள் பலர் உண்டு. மில் விசாரணைக்கு வந்த தங்க பிரேம் கண்ணாடிக்காரர், தங்கச்சி மகள் கல்யாணத்தில் கையில் இருந்த மாலையை வாங்கிக்கொண்டு போன சித்தப்பா மகன் சங்கரன், இப்போது இந்தக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிற மிஷின். வந்த வரிசைப்படியே அவர்களை மனசுக்குள் நிறுத்தி வைத்திருந்தார், ரேஷன் கடையில் ஆள் நிற்கிற மாதிரி. எவனாவது செத்துப்போனால் பின்னால் நிற்கிறவன் ஒரு எட்டு முன்னால் வருவான். அரியநாயகம் மட்டும் இருபத்தாறு வருஷமாக முதல் இடத்தை விட்டு அசையவில்லை. சாகவும் இல்லை. சங்கரன்கோவிலில் பத்திரப்பதிவு ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஊரார் பத்திரத்தை எல்லாம் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டு சௌகரியமாக இருக்கிறான். மெயின் ரோட்டில்தான் கடை. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பலவேசம் ஜன்னல் ஓரம் பார்த்து உட்காருவார். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் உட்காருவார். இப்போது உட்கார்ந்திருந்த பெஞ்சு ஆடியது. ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும், முப்பத்து மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், கேட்க ஆள் இல்லை. குடியை மறக்க வைக்கிற இந்த இல்லம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. பந்தி நடந்த கூடத்தில் இப்போது கட்டில்கள், மணமேடையில் டிவியும் கேரம் போர்டும். கேள்வி அறைக் கதவுக்கு மேலே இரண்டு கோட் வெள்ளை அடித்தும் அடங்காமல் ‘மணமகள் அறை’ என்ற சிவப்பு எழுத்து மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. மணமகள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். இன்றைக்கு வியாழன். தங்கச்சி ஆவுடையின் சின்ன மகள் பிரம்மசக்திக்குத் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். தாய்மாமன் என்று அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் ஒரே ஆள்தான். அந்த ஆள் இங்கே ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்து, மிஷின் எப்போது கூப்பிடும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வியாழக்கிழமைதோறும் இருபது கேள்வி. சுவரில் மாட்டிய கண்ணாடிப் பலகையில் எழுத்து வரும், கூடவே ஒரு பெண் குரல் வாசிக்கும், ஆதலால் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களும் பதில் சொல்லிவிடலாம். சைபரிலிருந்து பத்து வரைக்கும் வட்டம் வட்டமாக இருக்கும், ஒன்றை அமுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒரு நிறம் வரும். பச்சை என்றால் வெளியே போய்வரச் சீட்டு. மஞ்சள் என்றால் கிடையாது. சிவப்பு என்றால் பெரிய டாக்டர் கூப்பிட்டு மாத்திரையைக் கூட்டுவார். பலவேசத்துக்கு நாலு வியாழனும் மஞ்சள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேர்மக்கனிக்கு நாலும் பச்சை. சேர்மக்கனி மினி பஸ் கண்டக்டர், இங்கே வருவது இது நாலாவது தடவை, போகிற தடவை எல்லாம் பச்சையோடுதான் போனான். அந்தக் குரலுக்கு, அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி, மதினி என்று பெயர் வைத்ததும் அவன்தான். இப்போது இல்லம் முழுக்க மதினி என்றே சொல்கிறார்கள், சமையல்காரர் உட்பட. “அண்ணாச்சி, மதினிகிட்ட போயி நியாயம் பேசாதீக. அவளுக்குக் காது கிடையாது, வாய்தான். என்ன கேட்டாலும் சைபரு. தூக்கம் வரலியா? சைபரு. கோவம் வருதா? சைபரு. நான் இங்க ஒரு எறும்பைக்கூட மனசால மிதிக்கலன்னு இருக்கணும்.” “நீ உள்ளதைச் சொல்ல மாட்டியால?” “உள்ளதைச் சொன்னவன் எல்லாம் உள்ளதான் இருக்கான், ஒங்கள மாதிரி.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு குனிந்து காதுக்குள் சொன்னான்: “பதினாலாவது மட்டும் தலைகீழு. அதுல பத்து. மறந்துராதீக. அதுலதான் போன மாசம் இங்க இருந்த போஸ்ட்மேன் மாட்டுனாரு.”

உள்ளதைச் சொல்லுங்க என்றுதான் முதல் நாள் எஸ்தர் மேடம் சொன்னாள். எஸ்தர் மேடம் இங்கே ஆலோசகர், ஆவுடையின் பெரிய மகள் வயசுதான் இருக்கும், நல்ல பிள்ளை, நாற்பது பேருக்கும் ஒருத்தி. பலவேசம் உள்ளதைத்தான் சொன்னார், தனக்குத் தெரிந்த விதத்தில். பதினெட்டு வருஷம் பாய்லர் முன்னால் நின்ற ஆள். காயத்துக்குச் சுற்றுகிற துணியை வெளுத்து அனுப்புகிற மில், அதற்கு ராத்திரி பகல் நீராவி வேண்டும். பாய்லர் நெற்றியில் வட்டமாக, அழுத்தம் காட்டுகிற கேஜ் இருக்கும், உள்ளே முள். முள் நடுவில் பச்சைக் கோட்டுக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் படித்த படிப்பு. ஓடுகிற பாய்லரில் முள் சைபரில் நின்றால் கேஜ் செத்துப்போச்சு. பத்தைத் தொட்டால் நாம் செத்துப்போனோம். சைபரும் பத்தும் மனுஷன் எழுதுகிற நம்பரே இல்லை. அதனால் மதினி என்ன கேட்டாலும் அவர் விரல் நாலுக்கும் ஆறுக்கும் நடுவிலேயே போய் நின்றது. உடம்பு வலிக்கிறதா, அஞ்சு. யார் மேலாவது கோபமா, ஆறு. குடிக்கணும் போல இருக்கிறதா, அஞ்சு. ஓடுகிற உடம்பு, கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும். நாலு வாரம் மஞ்சள் வந்த பிறகு, போன வாரம்தான் எஸ்தர் மேடம் உட்கார வைத்துக் கேட்டாள், என்ன அண்ணாச்சி எல்லாத்துக்கும் நடுவுலயே அமுக்குதீங்க என்று. பாய்லர் கதையைச் சொன்னார். மேடம் சிரித்தாள். கேலியாகச் சிரிக்கவில்லை, ரசித்துத்தான் சிரித்தாள். “ஐயோ அண்ணாச்சி, இதுல சைபர்தான் நல்லது.” அப்ப அந்த நாலு வாரத்தையும் திருத்திருங்கம்மா என்றார். முடியாது, உள்ளே போனது போனதுதானாம், மேலே இருந்து பூட்டிவிடுவார்களாம். மேலே என்றால் எங்கே? இந்த மண்டபத்துக்கு மேலே மொட்டை மாடிதான் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியும் காய்கிற லுங்கிகளும். மில்லில் மணிக்கொரு தடவை முள் நின்ற எண்ணைக் கையால் எழுதின லாக் புக்கையாவது அடித்துத் திருத்தலாம், பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டால் போதும். லாக் புக் என்று நினைத்ததும் மனசு சடாரென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. சமையல்கட்டில் புளி கரைக்கிற வாசனை. இன்றைக்குப் புளிக்குழம்பு. ஆவுடை வைத்தால் வெந்தயம் தூக்கலாக இருக்கும். ஆவுடை போன மாசம் வந்து, வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே சொன்னாள்: “அண்ணே, பெரியவளுக்குத்தான் அப்படி ஆயிப்போச்சு. சின்னவளுக்கு ஒங்க கைதான். ஆனா நீங்க நீங்களா வரணும்.” நீங்க நீங்களா. அப்படி என்றால் இத்தனை காலம் வேறு எவன் அவள் வீட்டுக்கு வந்துபோனான்? கம்பியைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார், அம்மா கை மாதிரியே நரம்பு புடைத்திருந்தது.

“பலவேசம், உள்ள வாங்க” என்றாள் நர்ஸ். சேர்மக்கனி தொடையில் தட்டினான். அறைக்குள் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவரில் மதினி. கல்யாணப் பெண்கள் முகம் பார்த்த ஆளுயரக் கண்ணாடியை எடுத்துவிட்டு அதே ஆணியில்தான் இதை மாட்டியிருக்கிறார்கள், சுற்றிலும் பழைய ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய தடம் இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் இங்கே உட்கார்ந்து, மாமன் வந்தாச்சா மாமன் வந்தாச்சா என்று கேட்டிருக்கும். “வணக்கம். கடந்த ஏழு நாட்களில் உங்கள் தூக்கம் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டது?” பலவேசம் விரலை நீட்டினார். விரல் தானாக அஞ்சுக்குப் போனது. இழுத்துக்கொண்டு வந்து சைபர் மேல் வைத்தார். சைபருக்குக் கீழே ஒரு மஞ்சள் மூஞ்சி பல்லைக் காட்டியது. தூங்கினாரா? வெள்ளிக்கிழமை தூங்கினார். சனிக்கிழமை பக்கத்துக் கட்டில்காரன் முனகினான். சைபர். அமுக்கியதும் மதினி அடுத்ததுக்குப் போய்விட்டாள், பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மாதிரி, ஏன் எப்படி என்று ஒன்றும் கிடையாது. இதற்கு முன்னால் நாலு வாரமும் அஞ்சு என்றவர் இன்றைக்கு எப்படி ஐயா சைபர் ஆனார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ. கேட்கவில்லை. உடம்பு நடுக்கம், சைபர். பசியின்மை, சைபர். யாரிடமாவது எரிந்து விழுந்தீர்களா, சைபர், நேற்று சமையல்காரரிடம் தட்டைத் தள்ளிவிட்டது அவருக்கும் சமையல்காரருக்கும் தெரியும், மதினிக்குத் தெரியாது. சைபர் அமுக்க அமுக்க விரல் லேசாகிக்கொண்டே வந்தது. இவ்வளவுதானா. இவ்வளவு சுலபமா. ஒரு நம்பரை எழுதிவிட்டால் அது உள்ளதாகிவிடும். இது புதுசாக இல்லையே, இந்த லேசு, இது விரலுக்கு முன்னமே பழகின லேசுதானே என்று எங்கிருந்தோ வந்தது, பலவேசம் அதைக் கவனிக்காதவர் மாதிரி மின்விசிறியைப் பார்த்தார். மூன்று இறக்கை. ஒன்றில் ஒட்டடை.

“கடந்த ஏழு நாட்களில் குடிக்க வேண்டும் என்ற எண்ணம் எத்தனை முறை வந்தது?” எத்தனை முறையா? இதை எப்படி எண்ணுகிறது? செவ்வாய்க்கிழமை நர்ஸ் ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தாள், அந்த வாசனை ஏறின நிமிஷத்தில் நாக்கடியில் தண்ணீர் ஊறியது. விழுங்கினார். நர்ஸ் போனபிறகு கையை மூக்குக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை மோந்தார். அது ஒன்றா இரண்டா? ஞாயிற்றுக்கிழமை வெளியே மேளச் சத்தம் போனது, எவன் வீட்டுக் கல்யாணமோ, மேளம் என்றதும் பெரியவள் கல்யாணம், பெரியவள் கல்யாணம் என்றதும் தொண்டை. அது ஒன்று. அப்புறம் இதோ, இப்போது. காலையிலிருந்து அந்த நினைப்பே இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து கல்யாணத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த ஆளிடம் குடிக்கணும் போல இருக்கிறதா என்று இவள் கேட்டாள் பார், அங்கே வந்துவிட்டது, முழு பாட்டிலாக, மூடியைத் திருகுகிற சத்தத்தோடு. இதை யார் கணக்கில் எழுத? வியாழக்கிழமைதோறும் இவள்தான் ஊற்றிக் கொடுக்கிறாள். மனுஷி கேட்டால் அவள் மூஞ்சியைப் பார்த்துப் பேசலாம், இல்ல தாயி, மேளம் கேட்டா கஷ்டமா இருக்கு, ஏன்னா அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா என்று ஆரம்பிக்கலாம். அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். காலை அஞ்சரைக்கே குளித்து, பட்டு வேட்டி கட்டி, மாலையைத் தாம்பாளத்தில் வைத்துக் காத்திருந்தார். கை நடுங்கியது. முந்தின நாளிலிருந்து தொடவில்லை, அதனால்தான் நடுங்கியது. இந்த நடுக்கத்தோடு மாலையைத் தூக்கினால் ஊர் சிரிக்கும். நடுக்கம் நிற்கிற அளவுக்கு மட்டும், ஒரே ஒரு வாய், மண்டபத்துக்குப் பின்னால் போய். நடுக்கம் நின்றுவிட்டது. கால்தான் போய்விட்டது. மூன்றாவது படியில் சரிந்தார், மாலை கையில்தான் இருந்தது, கீழே விடவில்லை, எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார், மாலை தரையில் படவில்லை. சங்கரன் வந்து குழந்தை கையிலிருந்து பொம்மையை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போனான். பெரியவள் மணவறைக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தாள். திரும்பாமல் போயிருக்கலாம். “நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா? தொடரத் திரையைத் தொடவும்” என்றாள் மதினி. இருக்கேன், இருக்கேன். மூன்று இருக்கும், இப்போது வந்ததையும் சேர்த்தால் நாலு. சேர்மக்கனி சொன்னது சைபர். விரல் நாலுக்கும் சைபருக்கும் நடுவில், கண்ணாடிக்கு ஒரு நூல் தள்ளி, அந்தரத்தில் நின்றது.

இப்படித்தான் பேனா நின்றது. நினைக்க வேண்டாம் என்று ஒதுக்கினது சுற்றிக்கொண்டு வேறு வாசல் வழியாக வந்தேவிட்டது. அன்றைக்கு மில்லில் காலை ஒன்பது மணிக்கு முள் ஏழில் நின்றது, நல்லதுதான், பச்சைக் கோடுதான். ஆனால் விறகை இழுத்தாலும் ஏழு, போட்டாலும் ஏழு. ஸ்பேனரால் தட்டினார், ஏழு. முள்ளுக்குச் சீவன் இல்லை என்று தெரிந்துபோயிற்று, சூப்பர்வைசர் அறைக்குப் போய்ச் சொன்னார். அரியநாயகம் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “நாளைக்கு லோடு போவணும்வே. பாய்லரை அணைச்சா மொதலாளிக்கு யாரு பதில் சொல்ல, நீரா? ஏழுலதான நிக்கி, ஏழுன்னே எழுதும்வே. அடுத்த வாரம் புது கேஜ் மாட்டிருவோம்.” திரும்பி வந்து லாக் புக்கைத் திறந்தார். பேனா அந்தரத்தில் நின்றது. பிறகு பத்து மணி, ஏழு. பதினோரு மணி, ஏழு. பன்னிரண்டு, ஏழு. ஒரு மணி, ஏழு. ஒன்றரைக்கு பைப் மூட்டுப் பிய்த்துக்கொண்டது. விறகு போட்டுக்கொண்டிருந்த மூக்கையாவுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது, மில்லில் வெளுத்த துணியையே கிழித்துச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விசாரணையில் அரியநாயகம் எழுந்து நின்று, அன்றைக்குப் பலவேசம் குடித்திருந்தான், முள்ளைப் பார்க்கிற நிலையில் இல்லை என்று சொன்னான். குடியா? அப்போதெல்லாம் கோயில் கொடைக்கும் தீபாவளிக்கும் தவிரத் தொட்டது கிடையாது. “ஐயா, நான் குடிக்கலை, எழுதிக்கோங்கய்யா” என்றார். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்காரரைப் பார்த்தார். “அதெல்லாம் எழுதத் தேவையில்லை” என்றார் கண்ணாடிக்காரர். சீட்டுக் கிழிந்த அன்று சாயங்காலம்தான் பலவேசம் உட்கார்ந்து முறையாகக் குடித்தார். குடித்தான் என்று சொல்லிவிட்டீர்கள் அல்லவா, இந்தா. அந்த ‘இந்தா’ இருபத்தாறு வருஷம் ஓடியது. அரியநாயகம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அன்று பலவேசம் குடிக்கவில்லை என்று ஒரு வரி. நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாகச் சொன்னாலும் போதும், துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது, அவன் கடையிலேயே நகல் எடுத்து ஆவுடைக்கு ஒன்று, பெரியவளுக்கு ஒன்று. ஆனால் அந்த ஏழை யார் எழுதினது? அரியநாயகம் சொன்னான். சொன்னான்தான். கை யாருடையது? நாலு ஏழு, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, கோணாமல், அவர் எழுதினதிலேயே அழகாக அமைந்த ஏழுகள். மனசுக்குள் நின்ற வரிசையில் அரியநாயகத்துக்கும் முன்னால் ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பலவேசம் அவனைத் திரும்பிப் பார்க்கச் சொல்லவில்லை. சைபரை அமுக்கினார்.

அதற்கப்புறம் வேகமாகப் போயிற்று. ஏழாவது கேள்வி சைபர், எட்டு சைபர். பிறர் உங்களுக்குத் தீங்கு செய்ததாக எண்ணி வருந்தினீர்களா, இதற்கு மட்டும் ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது, அடியே மதினி, சைபர். வியர்வையில் விரல் வழுக்கியது, வேட்டியில் துடைத்துக்கொண்டார். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, சைபர், சைபர், சைபர். “நீங்கள் தனியாக வெளியே சென்றால் குடிக்காமல் திரும்பி வர முடியும் என்று எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்?” விரல் சைபரைத் தொடப் போய் நின்றது. பதினாலு. இதுதான் பதினாலு. தலைகீழ். போஸ்ட்மேன் மாட்டினது. பத்தை அமுக்கணும். விரலைக் கொண்டுபோனார். பத்தின் கீழே இருந்த மூஞ்சி எல்லா மூஞ்சியையும்விட அதிகமாகச் சிரித்தது. எந்த அளவுக்கு நம்புகிறீர்கள். இங்கே இருந்து தென்காசி பஸ் ஸ்டாண்ட் நாலு கிலோமீட்டர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை. சங்கரன்கோவிலில் இறங்கினால் கோயில் தெருவுக்கு முன்னால் ஒன்று. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவுகிற இடம் இருக்கிறது அல்லவா, அங்கே எந்தக் கல்யாணத்திலும் நாலு பேர் நிற்பார்கள், வாரும் மாமா என்பார்கள், இன்னிக்கு ஒரு நாள்தான என்பார்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரன் மூஞ்சியை முறிக்கலாமா. அப்போது மேளம் கேட்கும். கை நடுங்கும். நடுங்கினால், நடுக்கம் நிற்கிற அளவுக்கு மட்டும். மூன்றாவது படி. இதெல்லாம் பத்து அல்ல. சைபரும் அல்ல. முள் ஆடுகிறது, அம்மா, முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது, கேஜ் நல்லபடியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், இதை நான் எங்கே அமுக்க? பயமாக இருக்கிறது என்பதற்கு வட்டம் எது? கூட ஒரு ஆள் வந்தால் எட்டு, தனியாகப் போனால் மூன்று, ஆவுடை மட்டும் வாசலிலேயே நின்று கையைப் பிடித்துக்கொண்டால் ஒன்பதரை, இப்படி எழுதிக்கொள்ள உன்னிடம் இடம் இருக்கிறதா? “நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?” இருக்கேண்டி. பல்லைக் கடித்துக்கொண்டு பத்தை அமுக்கினார். அமுக்கின வேகத்தில் பலகை ஆணியோடு ஆடியது.

மீதியெல்லாம் வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை. இருபதாவது கேள்விக்கு வட்டம் வரவில்லை, மூஞ்சியும் வரவில்லை. இரண்டு கட்டம்தான். “மேலே நீங்கள் அளித்த பதில்கள் அனைத்தும் உண்மையா? ஆம். இல்லை.” நாலு வாரமும் இதற்கு ஆம் என்றே அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார், உண்மையாகவும் இருந்தது, ஒரு கூறுகெட்ட உண்மை. இந்தக் கேள்வியைப் பற்றிச் சேர்மக்கனி ஒன்றும் சொல்லவில்லையே. வெளியே போய்க் கேட்டுவிட்டு வரலாமா? பலவேசம் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிரம்மசக்தி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவர் தள்ளாடி வந்தால் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள், அது மட்டும் வாசலுக்கு வந்து, மாமா இன்னிக்கும் குடிச்சிருக்கீங்களா என்று கேட்கும். இல்ல தாயி என்பார். அது தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும். இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னதெல்லாம் பொய். இல்லை என்று விசாரணையில் சொன்னது ஒன்றுதான் உண்மை, அதைத்தான் எவனும் எழுதவில்லை. இப்போது ஆம் என்று அமுக்கினால் அது அஞ்சாவது ஏழு. இல்லை என்று அமுக்கினால் மஞ்சள் வரும், இல்லாவிட்டால் சிவப்பு, சங்கரன் பட்டுச் சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டு தயாராக இருப்பான், இரண்டாவது தடவையும் அவன் கை, பிள்ளை திரும்பிப் பார்க்கும். ஆனால் இல்லை என்று அமுக்கினால் எஸ்தர் மேடம் கூப்பிட்டு என்ன அண்ணாச்சி என்று கேட்பாள். கேட்பாள் அல்லவா? உட்கார வைத்துக் கேட்பாள். அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், செவ்வாய்க்கிழமை பஞ்சை, மேளத்தை, மூன்றாவது படியை. சொன்னால் அவளே ஒரு வழி சொல்லக்கூடும், துணைக்கு ஆள் அனுப்பக்கூடும், சின்னப் பிள்ளைதான் ஆனாலும் விவரமானவள். “நீங்கள் இன்னும்” என்று மதினி ஆரம்பிக்கும்போதே பலவேசம் எழுந்து நின்றார், உட்கார்ந்து சொல்கிற பதில் அல்ல என்று தோன்றியதால். இல்லை. முழு விரலால், அழுத்தி. பலகை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பச்சையானது. அறை முழுக்க, சுவர், நாற்காலி, அவர் கை, ஸ்டிக்கர் பொட்டுத் தடம், எல்லாம் பச்சை. “வாழ்த்துகள்” என்றாள் மதினி.

எஸ்தர் மேடம் மேசையில் போன் அடித்துக்கொண்டிருந்தது, கதவுக்கு வெளியே புதிதாகச் சேர வந்த எவனையோ இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள், அவன் பொண்டாட்டி சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். மேடம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே சிரித்தாள். “அண்ணாச்சி, பச்சை! பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? கல்யாணத்துக்குப் போயிட்டு வாங்க.” சீட்டு தயாராகவே இருந்தது, மிஷினே அச்சடித்துக் கொடுத்தது. பலவேசம் வாங்கவில்லை.

“கடைசிக் கேள்விக்கு இல்லைன்னு அமுக்கினேம்மா.”

மேடம் திரையைத் தள்ளிப் பார்த்தாள். “ஆமா, இல்லைன்னுதான் இருக்கு. கை தவறிப் பட்டிருக்கும், பரவால்ல.”

“கை தவறலை.”

“அதுக்கு மார்க் கிடையாது அண்ணாச்சி. அது சும்மா.”

“சும்மான்னா?”

“சும்மா கேக்கும். கூட்டிப் பாக்குறதுல வராது.” போனில் யாரோ கத்தினார்கள். “ஒரு நிமிஷம் சார்… அண்ணாச்சி, நிறம் வந்தப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஒங்களுக்கு நல்லதுதான வந்திருக்கு?”

“நான் இல்லைன்னு சொன்னதை எங்கயாவது எழுதுங்கம்மா. ஒரு ஓரமா.”

“இதுல எழுத இடம் இல்லையே.” உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். “திங்கக்கிழமை வந்ததும் உக்காந்து பேசுவோம், என்ன?” புதிய ஆள் வாசலிலேயே வாந்தி எடுத்தான். மேடம் போனை வைத்துவிட்டு ஓடினாள்.

சீட்டைப் பலவேசம் எழுத்துக் கூட்டி வாசித்தார். பெயர், பலவேசம். நாள், ஞாயிறு. நிலை, பச்சை. துணை, தேவையில்லை. தேவையில்லை என்பதை இரண்டு தடவை வாசித்தார், விரலை வைத்து. தங்க பிரேம் போட்ட ஒரு மூஞ்சி மேசைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது மாதிரி இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தது. நாற்பது தட்டுகளின் சத்தம், புளிக்குழம்பின் வாசனை. சேர்மக்கனி தட்டோடு எதிரே வந்து சீட்டைப் பிடுங்கிப் பார்த்தான். “அடி சக்க! மாமன் மாலையைப் போட்டாச்சு! நான் சொன்னேம்லா மதினியைப் பத்தி?” பலவேசம் அவன் மூஞ்சியைப் பார்த்தார். “ஏல, ஒனக்கும் பச்சைதான. ஞாயித்துக்கிழமை எங்கூட வாரியா?” சேர்மக்கனி தட்டு ஆடச் சிரித்தான். “நல்ல ஆளைக் கூப்பிட்டீக போங்க! நான் வந்தா மொதல்ல கடைக்குப் போவோம், மண்டபத்துக்கு நம்மளத் தூக்கிட்டுத்தான் வரணும்.” சிரித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தி, சோற்று வரிசை நகர்ந்ததால் நகர்ந்து போய்விட்டான்.

பலவேசம் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பத்திரப்பதிவு ஆபீஸ் வழியாகத்தான் போகும். அன்றைக்கு ஜெராக்ஸ் கடை பூட்டியிருக்கும், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும் ஷட்டரைத்தான் பார்க்கலாம். அன்று பலவேசம் குடிக்கவில்லை என்று ஒரு வரி. அது இருபத்தாறு வருஷமாக வர வேண்டியிருந்தது. கடைசிக் கேள்விக்குப் பலவேசம் இல்லை என்று சொன்னான் என்று இன்னொரு வரி. இன்றைக்கு மத்தியானத்தோடு வர வேண்டியது இரண்டாகிவிட்டது. கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது. அதைப் பைக்குள், சீட்டின் மேல் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.